எல்லாரும் அதைத்தான் வைத்திருக்கிறார்கள்

'எல்லாருங்க' என்றோர் இனம் இருக்கிறது. அதைப் பார்ப்பதற்குத் தொலைநோக்கி வேண்டாம். வனத்துறையின் அனுமதி வேண்டாம். ஒரே ஒரு கேள்வி போதும். கிணற்றுக்குப் புது மோட்டார் வாங்கி வருகிற ஒருவரை வழிமறித்து, "ஏனுங்க, இந்தக் கம்பெனி மோட்டாரை எதுக்கு வாங்குனீங்க?" என்று கேளுங்கள். தண்ணீர் நன்றாக இறைக்கும் என்று சொன்னால் அவர் வேறு இனம். விலை சல்லிசு என்று சொன்னால் வேறு இனம். மச்சினன் கடையில் தவணைக்குக் கிடைத்தது என்று சொன்னால்கூட வேறு இனந்தான். ஆனால், கேள்வியே விளங்காதவர்போல உங்களை ஒரு கணம் பார்த்துவிட்டு, "எல்லாரும் அதத்தானுங்க வெச்சிருக்காங்க" என்று அவர் சொன்னால், ஐயம் வேண்டாம், நாம் தேடியவர் கிடைத்துவிட்டார்.

அவரை அடையாளம் காண வேறு குறிகளும் உண்டு. மெஸ்ஸில் உட்கார்ந்ததும் அவர் விலைப்பட்டியலைப் பார்ப்பதில்லை; அடுத்த இலையைப் பார்ப்பார். பேருந்து தேநீருக்காக நின்றால் தாகம் இருக்கிறதோ இல்லையோ இறங்குவார், எல்லாரும் இறங்கியிருக்கிறார்கள். பிள்ளைக்குப் பள்ளிக்கூடம், வயலுக்கு உரம், சுவருக்குச் சுண்ணாம்பின் நிறம், பல்வலிக்கு மருத்துவர் என வாழ்க்கையின் எந்தச் சந்தியிலும் அவர் 'எது நல்லது' என்று கேட்டதாகப் பதிவே இல்லை. 'எது எல்லாரிடமும் இருக்கிறது' என்று மட்டுமே கேட்டிருக்கிறார். வாங்கிய பொருள் மூன்றாம் நாளே பழுதானாலும் அவர் கலங்குவதில்லை. அண்டை வீட்டுக்காரருடையதும் பழுதாகியிருக்கிறதா என்று விசாரிப்பார். ஆகியிருந்தால் முகம் தெளிந்துவிடும். பழுது அவருக்குத் துன்பமன்று. தனியாகப் பழுதாவதுதான் துன்பம்.

இவ்வினம் எல்லாத் தொழிலிலும் உண்டென்றாலும், 1999-க்கும் 2003-க்கும் இடைப்பட்ட காலத்தில் அது மிகச் செழிப்பாக வளர்ந்தது கட்டட வரைபடத் தொழிலில்தான் என்பதற்குப் போதிய சான்றுகள் உள்ளன. அவற்றுள் முழுமையானது காரவள்ளி தேவராஜைப் பற்றியது. அவரையே மாதிரியாக எடுத்துக்கொள்வோம்.

காரவள்ளி அடிவாரத்தில், மலைக்குப் போகும் பேருந்து, தனக்கு முன்னால் இருக்கும் எழுபது வளைவுகளுக்கும் மூச்சைச் சேர்த்துக்கொண்டு நிற்கும் இடத்துக்கு எதிரே, உரக்கடைக்கும் சலூனுக்கும் நடுவில், 'தேவா பில்டிங் பிளான்' என்றொரு பலகை தொங்கியது. உள்ளே தேவராஜ். டிப்ளமோ படித்தவர், முப்பத்திரண்டு வயது, நேர்மையானவர், கோடு போட்டால் கோடாகவே இருக்கும். 1999 வரை அவர் கையால்தான் வரைந்தார். அந்த ஆண்டு ஆடி மாதம், மலைமேல் திட்ட அனுமதி வழங்கும் அலுவலகத்தில், வேறொருவர் கையில் கணினியில் அச்சிட்ட வரைபடம் ஒன்றைக் கண்டார்.

"எல்லாரும் இதுக்கு மாறிட்டாங்களாங்க?" என்று கேட்டார்.

"மாறிட்டாங்களே!" என்றார் முந்தாநாள் மாறியவர்.

அவ்வளவுதான். தேவராஜ் நாமக்கல்லில் மூன்று மாதப் பயிற்சியில் சேர்ந்துவிட்டார்.

அங்கே கற்றுத்தந்த மென்பொருளின் பெயரை இங்கே எழுத வேண்டிய அவசியமில்லை. அதைப் பெயர்சொல்லி அழைத்தவர் யாருமில்லை. 'சாப்ட்வேர்' என்றால் அதுதான். அதன் விலை ஒன்றரை லட்சம் என்று பயிற்சியின் முதல் நாளே சொன்னார்கள். தேவராஜ் அதுவரை வரைந்து கொடுத்த வீடுகளில் பாதி அதைவிடக் குறைந்த செலவில் கட்டி முடிக்கப்பட்டு, உள்ளே ஆட்கள் குடியிருந்து, பிள்ளைகள் பெற்று, வெள்ளையடித்தும் ஆகியிருந்தது. வீட்டைவிட வீட்டை வரைகிற பெட்டி விலை கூடுதல். இதில் ஏதோ கோணலாக இருப்பதாக அவருக்கும் ஒரு கணம் தோன்றத்தான் செய்தது. வகுப்பில் வேறு யாருக்கும் தோன்றவில்லை என்பதைப் பார்த்ததும் அத்தோற்றம் மறைந்தது.

வேறு மென்பொருளே இல்லையா என்று நீங்கள் கேட்கலாம். இருந்தது. பயிற்சி ஆசிரியரே ஒன்றைப் போட்டுக் காட்டினார். பத்தில் ஒரு பங்கு விலை. அதே கோடு, அதே கதவு, அதே ஜன்னல்.

"இத யாருங்க சார் வெச்சிருக்காங்க?" என்றார் தேவராஜ்.

"இப்பத்தான் வந்திருக்குதுங்க. இனிமேல்தான் வாங்குவாங்க."

"அப்ப எல்லாரும் வாங்கட்டுமுங்க. அப்புறம் பாத்துக்கலாம்."

எல்லாரும் எப்போது வாங்குவார்கள்? தேவராஜ் வாங்கிய பிறகு. தேவராஜ் எப்போது வாங்குவார்? எல்லாரும் வாங்கிய பிறகு. விலை குறைந்த அந்த மென்பொருள் இந்த வட்டத்துக்கு வெளியே சிறிது காலம் நின்றுபார்த்துவிட்டு, உணவின்றி இறந்துபோனது. விலை கூடியதோ எந்தத் தொந்தரவும் இல்லாமல் வாழ்ந்தது. பயிற்சி நிலையம் அதை ஏன் சொல்லித்தருகிறது? அலுவலகங்கள் கேட்கின்றன. அலுவலகங்கள் ஏன் கேட்கின்றன? வரைபவர்கள் அதில்தான் கொண்டுவருகிறார்கள். வரைபவர்கள் ஏன் அதில் கொண்டுவருகிறார்கள்? பயிற்சி நிலையம் அதைத்தான் சொல்லித்தருகிறது. இந்த வட்டத்தில் எந்த இடத்தில் நின்றுகொண்டு யாரைக் குறை சொல்வீர்கள்?

ஒன்றரை லட்சத்துக்கு என்ன வழி என்ற கேள்விக்குப் பயிற்சியின் கடைசி நாளில் விடை கிடைத்தது. மாணவர்கள் வீட்டில் பழகுவதற்காகக் கொடுக்கும் சி.டி. ஒன்று எல்லாருக்கும் வழங்கப்பட்டது. முழு மென்பொருளும் அதில் இருந்தது. ஒரே ஒரு வேறுபாடு: அதில் வரைந்து அச்சிடும் ஒவ்வொரு தாளின் நான்கு ஓரங்களிலும், 'கல்விப் பயன்பாட்டுக்கு மட்டும் அளிக்கப்பட்ட பிரதியில் வரையப்பட்டது' என்னும் பொருளில் ஆங்கில வாசகம் ஒன்று, அழைக்காமலேயே வந்து உட்கார்ந்துகொள்ளும்.

தேவராஜ் அதை ஒழிக்க முதலில் பாடுபட்டார் என்பதைச் சொல்லாமல் விடுவது நியாயமாகாது. ஓரத்தைக் கத்தரித்துக் கொண்டுபோனார். தாளின் அளவு குறைவு என்று திருப்பி அனுப்பினார்கள். வெள்ளைத் தாளை ஒட்டி மறைத்தார். திருத்தம் செய்யப்பட்ட வரைபடம் என்று திருப்பி அனுப்பினார்கள். மூன்றாம் முறை, வருவது வரட்டும் என்று வாசகத்தோடே கொண்டுபோய் நீட்டினார்.

நீட்டியது அர்த்தனாரியிடம். அலுவலகத்தில் வரைபடங்களைச் சரிபார்த்து மேலே அனுப்புபவர் அவர். இருபத்தாறு ஆண்டு அனுபவம். எதையும் பட்டியல் இல்லாமல் பார்க்கமாட்டார். எந்த அலுவலகம் என்று கேட்காதீர்கள். எல்லா அலுவலகங்களும் தம்மைத்தான் இக்கதை சொல்கிறது என்று நினைத்துக்கொள்ளட்டும்.

"இதென்னங்க, சுத்தியும் எழுதியிருக்கு?" என்றார் அர்த்தனாரி.

உண்மையைச் சொன்னால் அன்றோடு கடைக்குப் பூட்டு. பொய் சொல்லித் தேவராஜுக்குப் பழக்கமில்லை. எனவே தமக்குத் தெரிந்த ஒரே வாக்கியத்தைச் சொன்னார்.

"எல்லாரும் இதத்தானுங்க சார் வெச்சிருக்காங்க."

அர்த்தனாரியும் அதே இனத்தவர் என்பது அக்கணத்தில் உறுதியாயிற்று. அவர் முகம் மலர்ந்தது. தலையை ஆட்டிக்கொண்டு முத்திரையைக் குத்தினார். அடுத்த ஆறு மாதத்தில் அடிவாரத்திலிருந்து மலையேறிய எட்டு வரைபடக்காரர்களும், அந்த ஒரே சி.டி.யின் பிள்ளைகளையும் பேரப்பிள்ளைகளையும் வைத்துக்கொண்டு, நான்கு ஓரமும் வாசகம் துலங்க வந்து நின்றார்கள். கையால் வரைந்தவர்களின் தாள்கள் மட்டும் மொட்டையாகத் தெரிந்தன. 2001 ஏப்ரலில் அர்த்தனாரி தம் சரிபார்ப்புப் பட்டியலில் ஏழாவதாக ஒன்றைச் சேர்த்து, அழகாகத் தட்டச்சு செய்து, மேசைக் கண்ணாடிக்கு அடியில் செருகிவைத்தார்: 'நான்கு ஓரங்களிலும் ஆங்கில வாசகம் உள்ளதா?'

இவ்வாறாக இரண்டாண்டுகள் இனிதே கழிந்தன. தேவராஜ் நூற்று நாற்பத்து மூன்று வரைபடங்களுக்கு அனுமதி வாங்கிக் கொடுத்தார். எல்லாம் கல்விப் பயன்பாட்டுக்கு.

2003 தைப்பொங்கல் முடிந்த வாரம், கோவையிலிருந்து கவியரசன் என்ற விற்பனையாளர், கழுத்துப்பட்டியும் தோள்பையுமாகக் காரவள்ளியில் வந்திறங்கினார். தேவராஜின் கடைக்குள் நுழைந்து, சுவரில் மாட்டியிருந்த வரைபடத்தின் ஓரத்தைப் பார்த்தார். புன்னகைத்தார்.

"ஸ்டூடண்ட் காப்பி. அப்படித்தானே சார்?"

தேவராஜ் எழுந்து நின்றுவிட்டார்.

"பயப்படாதீங்க. நான் யாரையும் மாட்டிவிட வரல. சொல்லிட்டுப் போகலாம்னு வந்தேன். கம்பெனியில சோதனை போடறாங்க. சேலத்துல ரெண்டு கடை போயிருச்சு. தொழிலுக்கு வெச்சிருக்கறவங்க ஒரிஜினல்தான் வெச்சிருக்கணும்."

சோதனை என்ற சொல் தேவராஜை அசைத்ததேயொழியச் சாய்க்கவில்லை. விலையைக் கேட்டார், மீண்டும் உட்கார்ந்தார். பிறகு மெல்லிய குரலில், தம் இனத்தாருக்கே உரிய கேள்வியைக் கேட்டார்.

"எல்லாரும் வாங்கிட்டாங்களாங்க?"

"எல்லாரும் வாங்கிட்டாங்க சார். இந்த ரோட்டுலயே நீங்க ஒருத்தர்தான் பாக்கி."

அன்று காலையிலிருந்து அந்தச் சாலையில் இருந்த எட்டுக் கடைகளிலும் கவியரசன் இதே வாக்கியத்தைத்தான் சொல்லிக்கொண்டு வந்திருந்தார். ஏழு பேர் யோசித்துச் சொல்வதாகச் சொன்னார்கள். எட்டாமவர் தேவராஜ்.

பைக் போயிற்று. மீதிக்கு ஹேமலதாவின் இரண்டு எருமைகளும் ஒரு ஃபைனான்ஸ் கம்பெனியும் துணைக்கு வந்தன. ஹேமலதா அவர் மனைவி. பால்பண்ணைக்குப் பால் ஊற்றி அந்த வீட்டின் மளிகைச் செலவை முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தவர். வியாபாரி கயிற்றைப் பிடித்து எருமைகளை ஓட்டிக்கொண்டு போகும்போது அவர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"ஏனுங்க, எங்கிட்டக் கேட்டா எல்லாரும் எருமதானுங்க வெச்சிருக்காங்க. அத எதுக்கு வித்தீங்க?"



ஒரிஜினல் வந்தது. செங்கல் கனத்தில் ஒரு புத்தகம், வெள்ளிநிற சி.டி., கணினியின் முதுகில் செருகினால்தான் மென்பொருள் திறக்கும்படியாகக் கட்டைவிரல் அளவில் ஒரு பூட்டு. மூன்றுக்கும் சந்தனம் குங்குமம் வைத்தார்கள். பழைய மாணவப் பிரதியைக் கவியரசனே துடைத்தெடுத்தார். இரண்டும் ஒரே பெட்டியில் இருக்கக்கூடாதாம். அந்தப் பழைய சி.டி.யை ஹேமலதா ஒரு கயிற்றில் கட்டி அவரைப்பந்தலில் தொங்கவிட்டார். வெயிலில் அது மினுக்கிய மினுக்கில் கிளிகள் ஒரு வாரம் அண்டவில்லை. வாங்கிய நாளிலிருந்து அது சட்டப்படி செய்த முதல் வேலை அதுதான்.

புது மென்பொருளில் வரைய வேண்டிய முதல் வரைபடம் சின்னாயியுடையது.

சின்னாயி மலைமேல் வாசலூர்பட்டிப் படகுத்துறைக்கு எதிரே சாலையோரம் தகரக் கொட்டகையில் சாப்பாட்டுக்கடை வைத்திருந்தார். கணவர் பொன்னன் மரவள்ளிக் காட்டைப் பார்த்துக்கொள்ள, கடை முழுக்கச் சின்னாயியின் கையில். சித்திரைக்குள் சாலையோரக் கொட்டகைகளை எடுத்துவிடவேண்டும் என்று உத்தரவாகியிருந்தது. சாலைக்கு மேல்புறம் அவர்களுக்குச் சொந்தமாகப் பத்து சென்ட் நிலம் இருந்தது. அதில் கடையும் தங்குவதற்கு இரண்டு அறையும் கட்ட வங்கி கடனுக்கு ஒப்புதல் கொடுத்திருந்தது. ஒரே நிபந்தனை: அனுமதி பெற்ற வரைபடம் மார்ச் 31 மாலைக்குள் வங்கிக்கு வந்தாகவேண்டும். தவறினால் ஒப்புதல் ரத்து. கொட்டகையும் இல்லை, கட்டடமும் இல்லை. சின்னாயி அடுத்தவர் காட்டில் கூலிக்குப் போகவேண்டியதுதான்.

தேவராஜ் மூன்று நாளில் வரைந்து முடித்து, மேலே போய் இடத்தில் வைத்து விரித்தார். கொத்தனார் மாணிக்கம் வரைபடத்தைப் பார்த்தார், நிலத்தைப் பார்த்தார், மறுபடி வரைபடத்தைப் பார்த்தார்.

"ஏனுங்க, பிளான்ல நெலம் தாம்பாளமாட்டம் இருக்குது. இங்க பாத்தா சறுக்குமரமாட்டம் எறங்குது. பின்னாடி ரூம்புக்குக் கதவத் தொறந்தா மண்ணுதான் வரும்."

"சாப்ட்வேர்ல சரிவு வராதுங்க. சரிவுக்குத் தனியா ஒண்ணு வாங்கோணும். எம்பதாயிரம்."

"மண்ண வெட்டி மட்டம் பண்ணறதுக்கு நாலாயிரந்தானுங்க ஆகும்."

சின்னாயி இடுப்பில் கைவைத்துக்கொண்டு இருவரையும் பார்த்தார். "அப்ப மலைய வெட்டிப்போடுங்க சாமி. அதான் சல்லிசு."

இவ்வாறு, மலைக்கேற்ப வரைபடத்தை மாற்றுவதைவிட வரைபடத்துக்கேற்ப மலையை மாற்றுவது இருபது மடங்கு மலிவு என்பது நிறுவப்பட்டது.

மார்ச் 28, வெள்ளிக்கிழமை. தேவராஜ் பேருந்தில் எழுபது வளைவும் ஏறி, மடியில் வைத்திருந்த வரைபடக் குழாயின்மேல் வாந்தி எடுக்காமல் காப்பாற்றி, சின்னாயியோடு அலுவலகத்துக்குள் நுழைந்தார். தாளை விரித்தபோது அவருக்கே நெஞ்சு நிமிர்ந்தது. நான்கு ஓரமும் பால்போல் வெள்ளை. ஒரு புள்ளி இல்லை. வெறும் ஓரத்தின் விலை ஒன்றரை லட்சம், ஒரு பைக், இரண்டு எருமை.

அர்த்தனாரி கண்ணாடிக்கு அடியிலிருந்த பட்டியலில் விரலை வைத்தார். ஒன்று, சரி. இரண்டு, சரி. ஆறு வரை சரி. விரல் ஏழில் நின்றது.

"ஓரத்துல வாசகம் எங்கீங்க?"

"அது வராதுங்க சார். இது ஒரிஜினலுங்க."

"ஒரிஜினல்னா அது இருக்கோணுமுங்களே."

"இல்லீங்க, ஒரிஜினல்லதான் அது இருக்காது. அது இருந்தா..." தேவராஜ் நிறுத்தினார். அது இருந்தால் என்ன என்று சொன்னால், அர்த்தனாரியின் முதுகுக்குப் பின்னால் இரும்பு அலமாரியில் தூங்குகிற நூற்று நாற்பத்து மூன்று கோப்புகளும் விழித்துக்கொள்ளும்.

"அது இருந்தா?"

"ஒண்ணுமில்லீங்க."

"காலையில கூடக் குழந்தைசாமி ஒண்ணு குடுத்துட்டுப் போனாருங்க. பாருங்க, நாலு பக்கமும் பளிச்சுனு இருக்கு." அர்த்தனாரி குழந்தைசாமியின் வரைபடத்தை எடுத்துக் காட்டினார். குழந்தைசாமி காரவள்ளியில் தேவராஜுக்கு நாலு கடை தள்ளி இருப்பவர். "நீங்க எந்தப் போலியக் கொண்டுவந்தீங்களோ எனக்குத் தெரியாதுங்க. எல்லாரும் வாசகத்தோடதானுங்க குடுக்கறாங்க."

தம்முடைய வாக்கியத்தையே தமக்கு எதிரில் சந்திக்கும் அனுபவம் எல்லாருக்கும் கிடைப்பதில்லை. தேவராஜ் தாளைச் சுருட்டினார்.

வெளியே வந்ததும் சின்னாயி கேட்டார். "என்ன இஞ்சினீரு தம்பி, உங்க ஒன்றர லச்சத்துப் பொட்டி பரிட்சையில தோத்துப்போச்சா?"

"திங்கக்கெழம கொண்டாந்துர்றேனுங்க்கா."

"திங்கக்கெழமதான் கடேசி நாளு. அன்னிக்கும் இல்லீன்னா, வாரம்பூரா உங்கூட்டுக்கே சோத்துக்கு வந்துருவேன், சொல்லிப்போட்டேன்." சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஆனால் பேருந்து புறப்படும்வரை ஜன்னலின் கம்பியைப் பிடித்த கையை எடுக்கவில்லை.

சனிக்கிழமை தேவராஜ் செய்தவை, வரிசைப்படி: முதலில் அவரைப்பந்தலுக்கு ஓடி, கயிற்றை அறுத்துப் பழைய சி.டி.யை எடுத்தார். இரண்டு மாத வெயிலும் கிளிகளும் அதன்மேல் எழுதியிருந்ததைக் கணினியால் படிக்க முடியவில்லை. அடுத்து, குழந்தைசாமியின் கடைக்கு நடந்தார்.

"ஏனுங்க, அந்தப் பழைய ஸ்டூடண்ட் சி.டி. ஒருநாளைக்குக் குடுங்க."

குழந்தைசாமி சுற்றுமுற்றும் பார்த்தார். "எங்கிட்ட ஏதுங்க அதெல்லாம்? நான் ஒரிஜினலுக்கு மாறிட்டேனுங்க. எல்லாரும் மாறிட்டாங்களே."

அவர் பின்னால் அச்சு இயந்திரம் ஒரு தாளைத் துப்பிக்கொண்டிருந்தது. அதன் ஓரத்து வாசகம் தேவராஜுக்கு நின்ற இடத்திலிருந்தே தெரிந்தது. அவர் பார்த்துவிட்டார் என்பது குழந்தைசாமிக்கும் தெரிந்தது. இருவரும் மழை இந்த ஆண்டு எப்படி இருக்கும் என்று சிறிது நேரம் பேசிவிட்டுப் பிரிந்தார்கள்.

கடைசியாக, தொலைபேசிக் கூண்டிலிருந்து கோவைக்குக் கவியரசனை அழைத்தார்.

"சார், ஒரிஜினல்ல அந்த ஓரத்து எழுத்து வரவைக்க எந்த பட்டன அழுத்தோணுமுங்க?"



"சார், அது வராம இருக்கறதுக்குத்தான் ஒன்றரை லட்சம்" என்றார் கவியரசன்.

தேவராஜ் வீட்டுக்கு வந்து சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தார். ஹேமலதா சோற்றுத்தட்டை முன்னால் வைத்து, "என்னன்னுதானுங்க அதுல எழுதியிருக்கும்?" என்று கேட்டார். மூன்றாண்டுகளில் அந்தக் கேள்வியை யாரும் கேட்டதில்லை. அர்த்தனாரி கேட்டதில்லை, மக்கள் கேட்டதில்லை, தேவராஜும் தம்மைக் கேட்டுக்கொண்டதில்லை.

"படிக்கிற பசங்க பழகறதுக்கு மட்டும்னு."

ஹேமலதா சிரித்த சிரிப்பில் தட்டிலிருந்த ரசம் ததும்பியது. சிரித்து முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "எழுதிப்போடுங்க. என்ற எருமைய முழுங்குன பொட்டி நாலு வரி எழுதாதா?"

வாழ்நாளில் தேவராஜ் அவ்வளவு கவனமாக எதையும் வரைந்ததில்லை. பழைய வரைபடம் ஒன்றை எடுத்து வைத்துக்கொண்டு, எழுத்தின் உயரத்தை அளவுகோலால் அளந்தார். எழுத்துக்கும் கோட்டுக்கும் உள்ள இடைவெளியை அளந்தார். மேலோரத்தில் நேராகவும் கீழோரத்தில் தலைகீழாகவும் பக்கங்களில் செங்குத்தாகவும் வருகிறதா என்று தாளைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். சின்னாயியின் கடைக்கும் இரண்டு அறைக்கும் மூன்று நாள் ஆனது. நான்கு வரிக்கு ஒரு நாள். ஞாயிறு பிற்பகல், முறையாக விலை கொடுத்து வாங்கிய, முழு உரிமமும் பூட்டும் உள்ள அந்த மென்பொருள், தான் திருட்டுத்தனமாகப் பயன்படுத்தப்படுவதாக நான்கு ஓரங்களிலும் சாட்சியம் அளித்து அச்சானது.

மார்ச் 31, திங்கட்கிழமை, காலை பத்தே முக்கால். அர்த்தனாரியின் விரல் ஏழில் வந்து நின்றது. தாளைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தார். குழந்தைசாமியின் தாளைப் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டார். சின்னாயி கதவோரம் நின்று முந்தானை நுனியை முறுக்கிக்கொண்டிருந்தார்.

"இப்பப் பாருங்க," என்றார் அர்த்தனாரி. "இதானுங்க ஒரிஜினலு."

முத்திரை விழுந்தது. சின்னாயி தாளைப் பறித்துக்கொண்டு வங்கிக்கு ஓடிய வேகத்தில் தேவராஜுக்கு நன்றி சொல்ல மறந்துவிட்டார், பாதி வழியில் நினைவுவந்து திரும்பிப் பார்த்து, "தம்பி, மத்தியானம் கடைக்கு வாங்க, சோறு போடறேன்! உங்கூட்டு எருமச் சோகத்த அங்க வந்து சொல்லுங்க!" என்று கத்தினார். எருமைக் கதை மலைமேல் எப்படி ஏறியது என்பதற்குப் பதிவில்லை.

கடன் கிடைத்தது. மலையை வெட்டினார்கள். கடை கட்டியாயிற்று. பின்னறைக் கதவைத் திறந்தால் இப்போது மண் வருவதில்லை. மழைக்காலத்தில் மட்டும் கொஞ்சம் வரும்.

அடுத்த ஆண்டு தை மாதம் கவியரசன் மீண்டும் வந்தார். புதுப் பதிப்பு வந்திருக்கிறது, பழையதற்கு இனி ஆதரவில்லை, எல்லாரும் மாறிவிட்டார்கள் என்றார். இதற்கிடையில் தேவராஜ் அறுபத்தோரு வரைபடங்களில் அந்த வாசகத்தைத் தம் கையாலேயே எழுதிச் சேர்த்திருந்தார். இப்போது ஒரு வரைபடத்துக்குப் பத்து நிமிடம்தான் ஆகிறது. அவர் கவியரசனைக் கூர்ந்து பார்த்தார். ஏதோ ஒன்றைக் கற்றுக்கொண்ட மனிதரின் பார்வையாக அது இருந்தது. ஹேமலதாகூடக் கையிலிருந்த வேலையை விட்டுவிட்டு நம்பிக்கையோடு வாசலுக்கு வந்து நின்றார்.

"எல்லாருமேவாங்க?" என்றார் தேவராஜ்.

ஹேமலதா உள்ளே போய்விட்டார்.

இவ்வளவையும் படித்துத் தேவராஜைப் பார்த்துச் சிரித்த வாசகரே, உங்களை நான் அந்த இனத்தில் சேர்க்கவில்லை. சரிபார்த்துக்கொள்ள ஒரு வழி மட்டும் சொல்கிறேன். உங்கள் சட்டைப்பையில் இருக்கிற, மேசைமேல் இருக்கிற, தவணை இன்னும் முடியாத ஏதேனும் ஒரு பொருளை எடுத்து முன்னால் வையுங்கள். இதை ஏன் வாங்கினேன் என்று கேளுங்கள். அதன் ஓரத்தில் சிறிய எழுத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று ஒருமுறையாவது படித்ததுண்டா என்றும் கேளுங்கள். விடை வருமுன் கண் தானாக அடுத்தவரின் கைக்குப் போனால் உடனே பதற வேண்டாம். எல்லாருக்கும் அப்படித்தான் போகும்.

இந்தக் கடைசி வரியைப் படித்ததும் உங்களுக்கு ஆறுதலாக இருந்ததா? அப்படியானால் சரிபார்த்தாயிற்று.